அச்சமும் அழுகையும்: திரைப்படத்தில் தொடர்கொலைஞன் என்னும் பாத்திரம்

நாடகத்தை முத்தமிழுள் ஒன்றாக வைத்து எண்ணிய மரபு நம்முடையது. ஆதலின், நாடகத்தின் வழித்தோன்றலாகிய திரைப்படத்தைத் தமிழாராய்ச்சியின் எல்லைக்குள் கொண்டுவருதல் புதுமையன்று. எனினும், திரைப்படத்தின் பாத்திரப் படைப்பை நம் இலக்கணத்தின் அளவுகோல் கொண்டு அளக்கும் முயற்சிகள் மிகுதியாகத் தோன்றவில்லை. காப்பியத் தலைவனோடு ஒத்த நாயகனைப் பற்றி எழுதுவோர், தீயோனைப் பற்றி எழுதுவதில்லை. தீயோருள்ளும் ஒருவகையினன் தனித்து ஆராயத் தக்கவன். பொருளுக்காகவோ பகைக்காகவோ அன்றித் தன் உள்ளத்தின் கோளாறு ஒன்றால் உந்தப்பட்டு, ஒருவர்பின் ஒருவராகப் பலரைக் கொல்பவன் அவன். அவனைத் தொடர்கொலைஞன் என இக்கட்டுரை சுட்டும். 1978-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெளிவந்த ‘சிவப்பு ரோஜாக்கள்’ என்னும் படத்தின் திலீப் என்னும் பாத்திரமே ஈண்டு முதன்மையாக ஆராயப்படுகிறது. அளவுகோலாவது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல்.

1. மெய்ப்பாடும் அதன் நிலைக்களனும்

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு. அவை ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. இக்கட்டுரைக்கு வேண்டுவன அவற்றுள் நான்கு.

அச்சம், அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கன்வழித் தோன்றும். அணங்கு என்பது பேய் முதலியவற்றைக் குறிக்கும். இறை என்பதில் அரசனேயன்றித் தந்தை, ஆசிரியர் முதலாயினாரையும் அடக்குவது உரைமரபு. அழுகை, இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பவற்றால் தோன்றும். இளிவாவது பிறரால் இகழப்படுதல். இழவாவது உரியாரையும் உடைமையையும் இழத்தல். வெகுளி, உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பவற்றால் தோன்றும். உவகை, செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பவற்றால் தோன்றும்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. கொலை என்பதை ஆசிரியர் அச்சத்தின் களமாக வைத்திலர். வெகுளியின் களமாகவே வைத்தார். கொலை கண்டவிடத்து மாந்தர்க்கு முறையாக எழவேண்டுவது சினம் என்பது இவ்வைப்புமுறையால் பெறப்படும். கொலையை அச்சத்திற்குரியதாக மட்டும் காட்டும் கதை எதனை இழக்கிறது என்னும் வினா இதன்கண் பிறக்கிறது. கட்டுரை முழுவதும் இவ்வினாவே நம்மை வழிநடத்தும்.

2. இராசபார்ட்டும் கள்ளபார்ட்டும்

திரைப்படத்திற்கு முன்பிருந்த தீயோனை அறியப் புதுக்கோட்டை மண்ணிலிருந்து தொடங்குதல் பொருந்தும். இவ்வட்டாரத்துச் சிற்றூர்த் திருவிழாக்களில் இசை நாடகங்கள் இன்றும் விடியவிடிய நடிக்கப்பெறுகின்றன. அந்நாடக மரபில் நடிப்பவரைப் பாத்திரத்தின் பெயரால் அன்றி வகையின் பெயரால் வழங்குவர். இராசபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்பன அவ்வகைகள். கள்ளபார்ட் மேடையேறும்பொழுதே அவன் யாரென்பதை அவையோர் அறிவர். உடையும் நடையும் அவனை அறிவித்துவிடும். தொல்காப்பியர் ‘கள்வர்’ என்ற களத்தின் மேடை வடிவம் இதுவெனலாம். இங்கு அச்சத்திற்குரியவன் ஐயத்திற்கு இடமின்றி அறியப்படுபவன்.

இத்தகைய நாடகச் சூழலில் வளர்ந்தவர் பி. யு. சின்னப்பா. 1916-இல் புதுக்கோட்டையில் பிறந்து, சிறுவர் நாடகக் குழுக்களில் பயின்று, திரைக்கு வந்து புகழ்பெற்று, 1951-இல் மறைந்தவர். சேலம் மாடர்ன் தியேட்டர்சார் 1940-இல் வெளியிட்ட ‘உத்தம புத்திரன்’ படத்தில் நல்ல இளவரசன், தீய இளவரசன் என்னும் இருவராகவும் அவரே நடித்தார். பிரெஞ்சு நாவலாசிரியர் தூமாவின் கதையைத் தழுவிய அப்படம், தமிழ்த்திரையில் இரட்டை வேடத்திற்கு வழிவகுத்த முன்னோடிகளுள் ஒன்று. இராசபார்ட்டும் கள்ளபார்ட்டும் ஒரே முகத்தைப் பெற்றன. ஆயினும் உடல் இரண்டாகவே நின்றது. நன்மை ஓருடலில், தீமை மற்றோருடலில். தீய இளவரசன் வீழ்ந்தால் தீமை வீழ்ந்தது. அம்முகத்தின்மீது அவையோர்க்கு இருந்த அன்பு சிதையவில்லை.

புதுக்கோட்டை தந்த மற்றொரு நடிகரின் வரலாறும் இதனை விளக்கும். ஜெமினி கணேசன் 1952-இல் ‘தாய் உள்ளம்’ படத்தில் தீயோனாக நடித்தார். அடுத்த ஆண்டு ‘மனம்போல மாங்கல்யம்’ அவரை நாயகனாக்கியது. பின்னர் ‘காதல் மன்னன்’ என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது. ஒரே நடிகர் இருநிலையிலும் நின்றாரேனும், காதலன் ஒரு படத்திற்கும் தீயோன் வேறொரு படத்திற்கும் உரியவராயினர். காதலனே கொலைஞன் ஆதல் என்பது அக்காலத் திரைக்கதை எண்ணாத ஒன்று.

மேனாட்டில் இவ்வெல்லை முன்பே தகர்ந்திருந்தது. செருமானிய இயக்குநர் பிரிட்சு லாங்கு 1931-இலேயே ‘எம்’ என்னும் படத்தில் குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் படைத்தார். இராபர்ட் பிளாக்கு 1959-இல் எழுதிய நாவலை அடுத்த ஆண்டில் ஆல்பிரட் இட்சுகாக்கு ‘சைக்கோ’ எனப் படமாக்கினார். அதே 1960-இல் மைக்கேல் பவல் இயக்கிய ‘பீப்பிங் டாம்’, தான் கொல்லும் பெண்களின் அச்சத்தைப் படம்பிடிக்கும் ஒருவனைக் காட்டியது. தீமைக்கு வேறோர் உடலைத் தேடாமல், இனிய இளைஞனின் உள்ளத்திலேயே அதனை வைத்தவை இப்படங்கள்.

3. திலீப் என்னும் பாத்திரம்

‘சிவப்பு ரோஜாக்கள்’ பாரதிராசாவின் மூன்றாம் படம். ‘16 வயதினிலே’, ‘கிழக்கே போகும் ரயில்’ என்னும் சிற்றூர்க் கதைகளுக்குப் பின் அவர் நகரக் கதையொன்றை எடுத்துக்கொண்டார். நிவாசு ஒளிப்பதிவு செய்தார், இளையராசா இசையமைத்தார், பாக்கியராசு உரையாடல் எழுதினார். திலீப்பாகக் கமலகாசனும் சாரதாவாகச் சிறீதேவியும் நடித்தனர்.

திலீப் செல்வன், தொழில் நடத்துபவன், அழகன், பேச்சினியன். தன்னை விரும்பி வரும் பெண்களை வீட்டிற்கு அழைத்துவந்து, இன்புற்றபின் கொல்கிறான். கொலை படம்பிடிக்கப்படுகிறது. அப்படத்தைக் காண்பவர் அவனை வளர்த்த தந்தை. அவரும் பெண்ணினத்தை வெறுக்கும் மனநோயாளர். கொல்லப்பட்டோர் தோட்டத்தில் புதைக்கப்படுகின்றனர். அவர்மீது ரோசாச் செடிகள் வளர்கின்றன. படத்தின் பெயர் இதனின்றும் எழுந்தது. துணிக்கடையில் பணிபுரியும் சாரதாவையும் அவன் அவ்வாறே அணுகுகிறான். அவளோ திருமணத்திற்கு முன் இணங்க மறுக்கிறாள். அவளை மணந்து வீட்டிற்குக் கொணர்கிறான். கணவன் இல்லாத இரவில் அவ்வீட்டின் மறைபொருள் அவளுக்குப் புலனாகிறது. அவள் தப்பி ஓடுகிறாள், அவன் துரத்துகிறான். இறுதியில் அகப்பட்டுச் சிறைப்படும் திலீப், மனம் பேதலித்துத் தன்னை மறந்து, சாரதாவின் பெயரை மட்டும் மறவாதவனாகிறான்.

4. உவகையின் களத்தில் அச்சம்

இப்பாத்திரத்தின் புதுமை யாது? கொலையின் எண்ணிக்கையன்று, அச்சம் தோன்றும் இடமே. திலீப் அணங்கல்லன், விலங்கல்லன். சாரதாவின் கண்ணுக்குக் கள்வனுமல்லன். உவகைக்குரிய நான்கு களன்களோடும் அவன் வருகிறான். செல்வம் அவனிடம் உண்டு. கண்ணுக்கும் செவிக்கும் இனியவனாதலின் புலனின்பம் உண்டு. மணத்தினால் புணர்வு உண்டு. காதலர் ஆடும் விளையாட்டும் உண்டு. அச்சத்தின் களம் எதுவும் புறத்தே காணப்படவில்லை. உவகையின் களம் நான்கும் நிரம்பியுள்ளன. அவ்வுவகையே அச்சமாக மாறுகிறது. இராசபார்ட்டின் உடலுக்குள் கள்ளபார்ட் புகுந்துவிட்டது. காதல் நாயகனாகவே மக்கள் அறிந்திருந்த நடிகரை இப்பாத்திரத்திற்குத் தேர்ந்ததன் பயன் இதுவே.

கணவனே கொல்ல முனையும் கதை தமிழுக்கு முற்றிலும் புதிதன்று. குண்டலகேசிக் காப்பியம் முழுமையாகக் கிடைத்திலது. எனினும் நீலகேசி உரையால் அதன் கதை அறியப்படுகிறது. கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்படும் கள்வனாகிய காளனைக் கண்டு பத்திரை காதல் கொள்கிறாள். தந்தையின் முயற்சியால் அவன் மீட்கப்பட்டு அவளை மணக்கிறான். ஊடற்பொழுதில் அவள் விளையாட்டாக அவனைக் கள்வன் எனக் கூற, அவன் சினத்தை உள்ளடக்கி, அவளை மலையுச்சிக்கு அழைத்துச்சென்று கொல்லத் துணிகிறான். இறக்குமுன் அவனை வலம்வர வேண்டுமென வேண்டி, பின்புறமாக வந்தபொழுது அவனைத் தள்ளிவிடுகிறாள்.

இரு கதைகளையும் ஒப்பிடின் மூன்று வேறுபாடுகள் புலனாகும். காளன் கள்வன் என்பது முன்னரே தெரியும். திலீப்பின் இயல்பு மறைந்துள்ளது. காளனது சினத்திற்கு அண்மைக் காரணம் உண்டு. திலீப்புக்கு எதிரில் நிற்பவள் செய்த பிழை எதுவும் இல்லை. மூன்றாவது வேறுபாடே தலையாயது. பத்திரை அறிவால் தன்னைக் காத்து, துறவு பூண்டு, சமயவாதியாகித் தன் வரலாற்றைத் தானே நடத்துகிறாள். காளன் எவ்வாறு கள்வனானான் என்பதைக் காப்பியக்கதை ஆராயவில்லை. தப்பியவள் எவ்வாறு அறவோள் ஆனாள் என்பதையே கூறுகிறது. திரைப்படமோ தப்பியவளை விடுத்துக் கொன்றவனின் வரலாற்றை நோக்கித் திரும்புகிறது.

5. முற்கதையும் அழுகையும்

திலீப்பின் முற்கதை இது. ஆதரவற்ற ஏழைச் சிறுவனாக ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தபொழுது, அவ்வீட்டுப் பெண் அவனைத் தகாத முறையில் அணுகுகிறாள். பிறர் கண்டவுடன் பழியை அவன்மீது சுமத்துகிறாள். அவன் அடித்துத் துரத்தப்படுகிறான். பின்னர் நகரத்தில் அவனுக்கு அடைக்கலம் தந்தவரின் மனைவி பிறனோடு கூடியிருக்க, அதனைக் கண்ட கணவர் அவளைக் கொல்கிறார். அவரே திலீப்பைத் தம் மகனாகவும் தம் வெறுப்பின் வாரிசாகவும் வளர்க்கிறார்.

மெய்ப்பாட்டு நெறியில் நோக்கின், இச்சிறுவனிடம் அழுகையின் களன்கள் திரண்டு நிற்கின்றன. வறுமை உண்டு; இளிவு உண்டு. அவன் அஞ்சிய பொருளோ ‘தம் இறை’. வேலைக்கு வைத்த தலைவரும் வளர்த்த தந்தையும் அவனுக்கு இறையாவர். இறையால் அச்சுறுத்தப்பட்ட குழந்தை வளர்ந்து பிறர்க்கு அணங்காகிறது என்பது இக்கதையின் உட்கோள். இவ்வுட்கோள் பொய்யன்று. இளமையில் உற்ற கொடுமை உள்ளத்தில் நெடுங்காலம் நிற்கும் என்பதை உளநூலார் உடன்படுவர். ஆயினும், அத்துன்பம் உற்றோருள் மிகப் பெரும்பாலோர் கொலைஞர் ஆவதில்லை. ஆதலின், முற்கதை ஒரு காரணமாகலாம், முழுக்காரணம் ஆகாது.

காரணம் கூறுதல் குற்றமா எனின், அன்று. சிலப்பதிகாரமும் காரணம் கூறுகிறது. முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரினனாய்ச் சங்கமன் என்னும் வணிகனைக் கொல்வித்த வினையே கோவலனுக்கு வந்துற்றது என்பதை மதுராபதித் தெய்வம் உரைக்கிறது. எனினும் அதனை இளங்கோவடிகள் வைத்த இடம் நோக்கத்தக்கது. வழக்குரை காதை முன்னே நிற்கிறது. கட்டுரை காதை பின்னே வருகிறது. கண்ணகி வழக்குரைத்தாள், பாண்டியன் தன் குற்றத்தைத் தானே உணர்ந்து, பிறர்மேல் ஏற்றாது உயிர்நீத்தான், கண்ணகியின் வெகுளி மதுரையை எரித்தது. இவையெல்லாம் நிகழ்ந்த பின்னரே ஊழ்வினை கூறப்படுகிறது. பொறுப்பு முதலில், காரணம் பிறகு. பொறுப்பை ஏற்றபின் கூறப்படும் காரணம் அறிவைத் தரும். பொறுப்புக்கு முன் கூறப்படும் காரணம் பொறுப்பையே கரைத்துவிடும்.

‘சிவப்பு ரோஜாக்கள்’ படத்தில் வரிசை மாறுகிறது. கொலைஞன் அகப்படுமுன் அவனுடைய முற்கதை நமக்கு அறிவிக்கப்படுகிறது. அகப்பட்டபின்னோ அவன் மனம் பேதலித்துவிடுகிறான். தான் செய்தது இது என்று ஏற்கத்தக்க உள்ளம் அவனிடம் இல்லை. ஆகவே, வழக்குரை காதை இல்லாத கட்டுரை காதையாக இப்படம் நின்றுவிடுகிறது.

6. வெகுளி எங்கே?

இனி, முதலில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். இப்படத்தில் மெய்ப்பாடுகள் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளன? அச்சம் சாரதாவிற்கு உரியது. காண்போர் அவளோடு சேர்ந்து அஞ்சுகின்றனர். அழுகை திலீப்பிற்கு உரியது. காண்போர் அவன் இளமைக்கு இரங்குகின்றனர். தோட்டத்தில் புதையுண்ட பெண்களுக்கு உரியது யாது? அவரை இழந்து வருந்தும் தாயோ தமரோ கதையில் தக்க இடம் பெறவில்லை. ஆதலின் இழவு பற்றிய அழுகை இல்லை. கொலை பற்றி எழவேண்டிய வெகுளியும் இல்லை. அவர் எண்ணிக்கையாக நிற்கின்றனர், செடிகளாக நிற்கின்றனர்.

இதனினும் கருதத்தக்கது ஒன்று உண்டு. திலீப் பெண்களை இருவகையாகப் பகுக்கிறான். தாமே விரும்பி வருவோர் ஒருவகை. மணமின்றி இணங்காதவள் மற்றொரு வகை. முதல் வகையினர் அனைவரும் இறக்கின்றனர். இரண்டாம் வகையினள் பிழைக்கிறாள். முற்கதையில் வரும் பெண்களும் முதல் வகையினரே. இப்பகுப்பு கொலைஞனின் நோயுற்ற உள்ளத்திற்கு உரியது. ஆனால் கதையின் முடிவும் அதே பகுப்பின்படி அமைந்துவிட்டது. கொலைஞனின் செயலைக் கதை கண்டிக்கிறது. அவனுடைய தீர்ப்பை மறுக்கவில்லை. அஞ்சி நடுங்கும் அவையோரும் தம்மை அறியாமல் அத்தீர்ப்புக்கு உடன்பட நேர்கிறது. கற்பினால் உயிர் காக்கப்படும் என்று ஒரு கதை கூறுமாயின், உயிரிழந்தோர்மீது பழி தானே ஏறும். இஃது இலக்கணச் சிக்கல் மட்டுமன்று; வாழ்வோடு தொடர்புடைய சிக்கல். கொடுமைக்கு ஆளான பெண்ணை நோக்கி ‘நீ ஏன் அங்குச் சென்றாய்’ என்று உசாவும் வழக்கம் நம் சமூகத்தில் உண்டு. அவ்வினாவும் இக்கதையின் பகுப்பும் ஒரே வேரினின்று எழுவன.

இவ்வாறு கூறுவது படத்தின் ஆற்றலைக் குறைப்பதாகாது. அச்சத்தின் களனை வீட்டினுள்ளும் காதலினுள்ளும் கொணர்ந்து, அறிமுகமான முகத்தையே ஐயுறச் செய்தது அதன் பேராற்றல். பெண்ணுக்கு ஊறு வீட்டிற்கு வெளியிலிருந்தே வரும் என்னும் நம்பிக்கையை அஃது உடைத்தது. அவ்வளவில் அது மெய்ம்மையை உரைத்த படமே.

7. பின்வந்த பாத்திரங்கள்

பின்வந்த படங்கள் இவ்வமைப்பைப் பெரும்பாலும் பின்பற்றின. சில இடங்களில் திருத்தின. 1980-இல் பாலுமகேந்திரா ‘மூடுபனி’யை இயக்கினார், இராசேந்திரகுமாரின் நாவலைத் தழுவியது அது. பிரதாப் போத்தன் ஏற்ற சந்துரு என்னும் பாத்திரம், தாயைத் துன்புறுத்திய தந்தையின் நடத்தையைக் கண்டு வளர்ந்தது. அதனால் விலைமகளிரை வெறுத்துக் கொல்கிறது. துன்பம் தந்தவர் தந்தை. பழி ஏற்போர் பெண்டிர். இறை செய்த குற்றத்திற்கு எளியோர் தண்டனை பெறுகின்றனர் என்பதை இப்படம் ஓரளவு வெளிப்படையாகவே காட்டுகிறது.

2018-இல் வந்த ‘ராட்சசன்’, இராம்குமார் இயக்கியது. பள்ளிச் சிறுமியரைக் கொல்லும் கிறித்தோபர் என்னும் பாத்திரத்திற்கும் இளிவு பற்றிய முற்கதை உண்டு. தோற்றம் பற்றி இகழப்பட்ட சிறுவன் அவன். அங்கும் இகழ்ச்சி ஒரு சிறுமியின் வாயிலாகவே வருகிறது. ஆயினும் ஒரு திருத்தம் நிகழ்ந்துள்ளது. துப்பறியும் காவலரின் தமக்கை மகளே கொலையுண்கிறாள்; அவ்வில்லத்தின் அழுகை திரையில் நெடிது நிற்கிறது. இழவு பற்றிய அழுகை உரியவரிடம் சேர்ந்தது. அதன்வழி வெகுளியும் எழுந்தது.

மிசுகின் இயக்கி 2020-இல் வெளிவந்த ‘சைக்கோ’வின் கொலைஞன் பெயர் அங்குலி. விரல்களைக் கோத்து மாலையாக அணிந்து, பின் புத்தரால் திருந்திய அங்குலிமாலனை அப்பெயர் நினைவூட்டும். பள்ளிப் பருவத்தில் ஆசிரியையால் உற்ற கொடுமை அவனது முற்கதை. ஆசிரியரும் இறையே என்னும் உரைமரபு இங்கும் பொருந்துதல் காண்க. அவனால் சிறைப்படுத்தப்பட்ட பெண்ணே இறுதியில் அவன்மீது இரக்கம் கொள்கிறாள். ஆனால், பௌத்தக் கதையின் அங்குலிமாலன் துறவியான பின்னும் மக்களின் கல்லடியைத் தாங்கித் தன் வினைப்பயனை நுகர்ந்தான். அருளும் பொறுப்பும் அங்கு ஒருங்கே நின்றன. படத்தில் அருள் நின்றது. பொறுப்பு அந்த அளவுக்கு நிற்கவில்லை.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. இசை நாடக மேடையில் புறத்தே அறியப்பட்ட தீமை, ‘உத்தம புத்திர’னில் ஒருமுகம் பெற்ற ஈருடலாகி, ‘சிவப்பு ரோஜாக்க’ளில் ஓருடலாயிற்று. அதனால் உவகையின் களனே அச்சத்தின் களனாயிற்று. இது தொல்காப்பியர் வகுத்த நான்கு களன்களோடு வைத்து எண்ணத்தக்க ஒரு விரிவு. மூன்றாவதாக, தொடர்கொலைஞனின் முற்கதை அழுகையைக் கொன்றவனுக்கு வழங்கிக் கொல்லப்பட்டோரை மெய்ப்பாடின்றி விடுகிறது.

கொலைஞனின் உள்ளத்தை ஆராய வேண்டா என்பது நம் கருத்தன்று. ஆராய்க, ஆயின் வழக்குரைத்த பின் ஆராய்க. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்த பின்னரே மதுராபதி வாய்திறந்தாள். கொலை அச்சத்தை மட்டும் தந்து முடியுமாயின், அரங்கினின்று வெளிவரும்பொழுதே அது நீங்கிவிடும். வெகுளியைத் தருமாயின், இறந்தார் பொருட்டு நம்முடன் வீடுவரை வரும். கொலையை வெகுளியின்பால் வைத்த ஆசிரியரின் நுண்மை இக்காலக் கதைகளை அளப்பதற்கும் பயன்படுகிறது. புதிய படம் ஒன்றை ஆராயப் புகும் மாணவர், அப்படத்தில் கொலைஞன் எத்தகையவன் என்பதோடு நில்லாது, கொல்லப்பட்டவர்க்கு எம்மெய்ப்பாடு வழங்கப்பட்டது என்பதையும் உசாவுவாராக.